சைக்கிள் ஷெட்டில் பிறந்த முந்நூறு பேர்

தார்ரோட்டுக்கும் கருவேலங்காட்டுக்கும் நடுவில் எழுநூறு ஏக்கரில் படுத்துக் கிடந்த அந்தப் பல்கலைக்கழகத்தில், சமூக அறிவியல் கட்டடத்தின் நீண்ட வராந்தாவில், ஆடி மாதத்து ஒரு திங்கட்கிழமை காலையில் முந்நூறு பெண்கள் வந்து நின்றார்கள். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை, அவர்கள் எந்தப் பஸ்ஸிலிருந்தும் இறங்கவில்லை, கேட்டில் இருந்த காவலாளியும் யாரையும் உள்ளே விட்டதாகச் சொல்லவில்லை. அவர்கள் பாட்டுக்கு, ஒன்றில் தொடங்கி முந்நூறு வரைக்கும் வரிசை குலையாமல், கையில் பையும் இல்லாமல் காலில் செருப்பும் இல்லாமல் நின்றார்கள்.

வாளியும் மாப்புமாக வந்த அன்னக்கொடி அவர்களைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தாள். மற்றவர்களுக்கு அவர்கள் யாரோ எவரோ, அவளுக்கு மட்டும் ஒவ்வொருத்தியையும் தெரிந்தது. முதல் தொண்ணூறு பேருக்கு நகக்கண் நீலமாக இருந்தது, அதற்குப் பின்னால் நின்றவர்களுக்குப் பச்சையாக இருந்தது. நீலப் பேனா தீர்ந்துபோய் அவள் பச்சைப் பேனாவை எடுத்த இடம் அதுதான். நாற்பத்தொன்றாவதாக நின்றவளின் கன்னத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு தழும்பு ஒழுகிக் காய்ந்தாற்போல இருந்தது. அன்னக்கொடியின் மகள் தர்ஷிகா, நாலு வயசு, குச்சி ஐஸைச் சொட்டவிட்ட இடம் அது.

நடந்தது இதுதான். எழில்வேந்தன் என்று ஓர் ஆராய்ச்சி மாணவன் அங்கே இருந்தான். அவன் ஆராய்ச்சிக்கு வந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. அந்த ஏழு வருஷத்தில் அவன் கல்யாணம் முடித்தான், கார் வாங்கினான், கேரம்போர்டு ஆடினான், தலைமுடியில் பாதியை உதிர்த்தான், கான்டீன் மாஸ்டரின் மகனுக்குப் பெண் பார்த்துக் கொடுத்தான், செய்யாமல் விட்ட ஒரே காரியம் ஆராய்ச்சிதான். அவன் தலைப்பு ‘துப்புரவுத் தொழில் செய்யும் பெண்களின் மனநிறைவு’. அந்தத் தொழில் செய்யும் பெண்கள் பதினோரு பேர் தினமும் அவன் மேசைக்கு அடியில் பெருக்கிக்கொண்டு, “காலத் தூக்குங்க சார்” என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். அவன் காலைத் தூக்கினானே ஒழிய ஒருநாளும் தலையைத் தூக்கவில்லை.

அவனுடைய கைடு, துறைத் தலைவர் டாக்டர் குணாளன். கிராமத்தைப் பற்றி நாலு புத்தகம் எழுதியவர், கிராமத்துத் தண்ணீர் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. அந்த நாலு புத்தகத்தையும் வாரத்துக்கு ஒருதரம் தூசி தட்டி வைக்கிறவள் அன்னக்கொடி. அவள் அஞ்சாவது வரைக்கும் படித்திருந்ததால் எழுத்துக்கூட்டி வாசித்துப் பார்த்திருக்கிறாள். நாலு புத்தகத்துக்கும் முதல் பக்கம் ஒன்றுதான், ஊர்ப் பெயர் மட்டும் மாறியிருக்கும். பெரிய படிப்பு என்றால் இப்படித்தான் போல என்று அப்போது நினைத்துக்கொண்டாள். யார் என்ன படிக்கிறார்கள் என்பதைக் குப்பைக்கூடை சொல்லிவிடும். அந்தக் கட்டடத்துக் கூடைகளில் கடலைத்தொலியும் ஜாதக நகலும் பதவி உயர்வு விண்ணப்பமும் கிடக்குமே தவிர, அடித்துத் திருத்தின ஒரு பக்கம் கிடந்ததை அவள் கண்டதில்லை.

ஏழாவது வருஷம் முடியப்போகிறது, இனிமேல் நீட்டிப்பு கிடையாது என்று ஆபீசிலிருந்து கடுதாசி வந்ததும் எழில்வேந்தன் முந்நூறு படிவத்தைக் கட்டாகக் கட்டிக்கொண்டு வந்து அன்னக்கொடியின் முன்னால் நின்றான்.

“ஏம்மா, டிக் போடத் தெரியும்ல?”

“தெரியும் சார்.”

“உங்க ஆளுகளப் பத்தித்தான். உனக்குத் தெரியாததா? ஆளாளுக்கு ஒரு வயசு, ஒரு ஊரு போட்டு நிரப்பிரு.”

‘அவங்கவங்களப் போய்க் கேட்டா என்ன சார்’ என்று சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் அன்னக்கொடி நாலு பேர் நிற்கிற இடத்தைத் தாண்டிப் போகக் கூச்சப்பட்டுக் கட்டடத்தையே சுற்றிக்கொண்டு போகிறவள், அவளுக்கு வாய் என்பது சோறு தின்னவும் மகளைக் கொஞ்சவும்தான். சரி சார் என்று தலையை ஆட்டினாள்.

“கேள்விக்குப் பக்கத்துல அஞ்சு கட்டம் இருக்கு பாரு. முற்றிலும் ஒப்புக்கொள்கிறேன், ஒப்புக்கொள்கிறேன், இந்த ரெண்டுலயும் நிறைய போடு. கருத்து இல்லைங்கிறதுல அங்கொண்ணு இங்கொண்ணு. மறுக்கிறேன்ல திருஷ்டிப் பொட்டு மாதிரி கொஞ்சம். அஞ்சாவது கட்டம், முற்றிலும் மறுக்கிறேன், அந்தப் பக்கமே போகாத. எங்க சாருக்குப் பிடிக்காது.”

“கடைசிக் கேள்விக்குக் கட்டம் இல்லையே சார்.”

அது முப்பதாவது கேள்வி. ‘வேறு ஏதேனும் கூற விரும்புகிறீர்களா?’ என்று அச்சடித்து, கீழே நாலு வரி புள்ளி வைத்து விட்டிருந்தது.

“அத விட்டுரு. அத யாரும் எண்ண மாட்டாங்க.”

அன்னக்கொடி ஒன்பது நாள், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், சைக்கிள் ஷெட்டில் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு முந்நூறையும் நிரப்பினாள். ஜெராக்ஸ் கடைக்காரன் மூன்றாம் பக்கத்தை அடிக்க மறந்துவிட்டான். சாப்பாடும் நோயும் பற்றிக் கேட்கிற பக்கம் அது. அது இல்லையென்று எழில்வேந்தனும் பார்க்கவில்லை, குணாளனும் பார்க்கவில்லை. பத்தாம் நாள் கட்டு, வராந்தாவை ஒட்டிய அறையில் இருந்த பச்சை பீரோவுக்குள் போனது. பதினோராம் நாள்தான் அந்தத் திங்கட்கிழமை.

துப்புரவுப் பெண்களில் மூத்தவளும் வாய்க்காரியுமான பவுனுத்தாயிதான் முதலில் கிட்டேபோய் விசாரித்தாள்.

“எந்தூரு ஆத்தா நீங்கள்லாம்? மாநாடா?”

“கருத்து இல்லை,” என்றாள் வரிசையில் முதலாவதாக நின்றவள்.

“அடி என்னடி இவ! வெயிலு ஏறுது, உள்ள தள்ளி நில்லுங்கடி.”

“ஒப்புக்கொள்கிறேன்,” என்று முந்நூறு பேரும் ஒரே அடி எடுத்து உள்ளே தள்ளி நின்றார்கள். கட்டடமே ஒரு தரம் அதிர்ந்து அடங்கியது.

“பேசுறதப் பாரு, கலெக்டர் ஆபீஸ்ல பொறந்தவ கணக்கா,” என்று பவுனுத்தாயி மோவாயில் கைவைத்தாள்.

குணாளன் பதினோரு மணிக்கு வந்தார், அதுதான் அவருக்கு விடியற்காலை. வராந்தாவைப் பார்த்தார். எழில்வேந்தனைக் கூப்பிட்டார். எழில்வேந்தனின் முகம் சுண்ணாம்பாக இருந்தது, முந்நூறு என்ற கணக்கைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் ஏழு வருஷத்தில் அவன் அங்கே கற்றுக்கொண்ட ஒரே பாடம், எது வந்தாலும் முன்னமே திட்டமிட்டதாகச் சொல்லிவிட வேண்டும் என்பது.

“நம்ம ரெஸ்பான்டன்ட்ஸ் சார், படிவத்துக்குப் பதில் சொன்னவங்க. வரச் சொல்லியிருந்தேன்.”

“வெரி குட்,” என்றார் குணாளன். “பேனர் அடி.”

அவ்வளவுதான். முந்நூறு பேர் எங்கேயிருந்து வந்தார்கள் என்று மனுஷர்களைப் பற்றிப் படிப்பதற்கென்றே கட்டின அந்தக் கட்டடத்தில் அதற்குமேல் ஒருத்தரும் கேட்கவில்லை. சாயங்காலத்துக்குள் பேனர் வந்தது, படம் எடுத்தார்கள், பேனரில் குணாளனின் முகம் கதவளவுக்கு இருந்தது, பெண்கள் கீழே கடுகு கடுகாக இருந்தார்கள். மறுநாளே மற்றத் துறைக்காரர்களும் மோப்பம் பிடித்து வந்துவிட்டார்கள். பொருளாதாரத்துறைக்கு எண்பது பேர் இரவல் போனார்கள், அரசியல்துறைக்கு அறுபது பேர் போனார்கள், உளவியல்துறைக்காரர்கள் தங்களுக்கு இருபது போதும் என்று பெருந்தன்மையாகச் சொன்னார்கள். களப்பணிக்கு என்று இனிமேல் வெயிலில் அலைய வேண்டாம், நாய்க்குப் பயப்பட வேண்டாம், களமே வராந்தாவுக்கு வந்துவிட்டதே என்று ஸ்காலர்கள் டீக்கடையில் கொண்டாடினார்கள். அந்த மாதத்தில் மட்டும் அங்கே பதினேழு ஆராய்ச்சி முடிந்தது. பதினேழிலும் முடிவு ஒன்றுதான், பெண்கள் மனநிறைவோடு இருக்கிறார்கள்.

கருத்தரங்கு என்றால் நாற்காலிக்கு ஆள் பிடிக்கிற கவலை தீர்ந்தது. மேடையில் ஒருவர் மூன்று மணி நேரம் வாசித்துவிட்டு, “இல்லையா?” என்று நிமிர்ந்து பார்த்தால், “முற்றிலும் ஒப்புக்கொள்கிறேன்” என்று முந்நூறு தொண்டை சேர்ந்து சொல்லும். அந்தச் சத்தத்துக்குப் பேராசிரியர்கள் சிலிர்த்துப்போவார்கள், வீட்டில்கூட அப்படி ஒரு வார்த்தையைக் கேட்டிராதவர்கள். ஆய்வுக்கு வந்த மதிப்பீட்டுக் குழு அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, மக்களோடு இவ்வளவு நெருக்கமாக உள்ள நிறுவனத்தைத் தாங்கள் பார்த்ததில்லை என்று எழுதிக்கொடுத்து, முந்திரிப்பருப்பு தின்றுவிட்டுப் போனது.

அதுவரைக்கும் அன்னக்கொடிக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. அதன்பிறகு காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர் தனுஷ்கோடி அவர்களைக் கண்டான்.

அவனிடம் படிப்பு இல்லை, ஆனால் கண் இருந்தது. ஒரு வாரம் நின்று பார்த்தான். இந்தப் பெண்கள் சாப்பிடுவதில்லை, காய்ச்சல் என்று லீவு கேட்பதில்லை, ஏன் என்றுகூடக் கேட்பதில்லை. ஒருநாள் ஒரு விளக்குமாற்றை நாற்பத்தொன்றாவது பெண்ணின் கையில் கொடுத்து, “பெருக்குவியா?” என்றான். “ஒப்புக்கொள்கிறேன்,” என்று அவள் வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரைக்கும் பெருக்கினாள். கக்கூஸ் கழுவச் சொன்னான். முற்றிலும் ஒப்புக்கொண்டாள்.

அன்று மத்தியானம் பதினோரு பேரையும் சைக்கிள் ஷெட்டுக்கு வரச்சொன்னான்.

“இந்த மாசம் முப்பதோட சரி. ஒண்ணாந்தேதியிலருந்து நீங்க வரவேண்டாம்.”

“பதிமூணு வருசமா இந்தக் கட்டடத்துப் பீயள்ளியிருக்கேன்,” என்றாள் பவுனுத்தாயி. “என்னத்துக்கு வரவேண்டாம்?”

“அங்க பாருக்கா. கூலியும் கேக்கல, குறையும் சொல்லல. அதுலயும் தொழில்ல மனநிறைவா இருக்கேன்னு சர்ட்டிபிகேட்டோட வந்திருக்காளுக. உங்களுக்கு இருக்கா மனநிறைவு?”

அன்னக்கொடி பக்கத்தில் நின்ற தர்ஷிகாவை இழுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவள் புருஷன் திருப்பூருக்குப் போனவன், போனவன்தான். பிள்ளையைக் கூடவே வைத்துக்கொண்டு செய்ய முடிகிற வேலை அவளுக்கு உலகத்தில் இது ஒன்றுதான் கிடைத்திருந்தது. மில்லுக்குப் போனால் பிள்ளையைக் கேட்டுக்கு வெளியே விட்டுவிட்டு வா என்பார்கள், நாலு வயசுப் பிள்ளையை எந்தக் கேட்டுக்கு வெளியே விடுவது? கிட்டத்தட்ட முந்நூறு தரம் ‘என் தொழிலில் நான் நிறைவாக இருக்கிறேன்’ என்பதற்கு நேராக டிக் போட்டது அவள் கை. அந்தப் பொய்தான் இப்போது கைகால் முளைத்து வந்து அவளுடைய விளக்குமாற்றைப் பிடுங்கிக்கொண்டது.

பவுனுத்தாயியிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள். பவுனுத்தாயி அவளை அடிக்கவில்லை, அடித்திருந்தால் தேவலை.

“அந்தப் படிச்ச நாயி கேட்டான்னா நீயும் போட்டுக் குடுத்துருவியாக்கும்? சாவி உன்கிட்டதான இருக்கு? போயிக் கிழிச்சுப் போட்டுட்டு வா.”

அறைகளைக் கூட்டுகிறவள் என்பதால் சாவிக்கொத்து அன்னக்கொடியின் இடுப்பில்தான் இருந்தது. பச்சை பீரோவைத் திறந்தாள், மேலே இருந்த படிவத்தின் ஓரத்தில், சோதித்துப் பார்ப்போம் என்று, ஒரு கடுகளவு கிள்ளினாள். கதவுக்கு வெளியே வராந்தாவில் முதல் பெண்ணின் சுண்டுவிரல் நுனி இல்லாமல் போனது. ரத்தம் வரவில்லை. அவள் விரலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “ஒப்புக்கொள்கிறேன்” என்றாள். அன்னக்கொடி பீரோவில் சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மகளுக்கு நகம் வெட்டும்போதுகூடக் கண்ணை மூடிக்கொள்கிறவள் அவள்.

கிழிக்க முடியாது என்று ஆனது. என்ன செய்வதென்று தெரியாமல் அந்தப் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் முப்பதாவது கேள்வியும், அதற்குக் கீழே ஒருத்தரும் தொடாத நாலு வரியும் கண்ணில் பட்டன.

என்ன எழுதுவது? அவளை யாரும் அப்படிக் கேட்டதே இல்லை. ரொம்ப நேரம் யோசித்து, ‘எனக்குக் கால் வலிக்குது. உக்காரணும்’ என்று எழுதினாள். வராந்தாவுக்கு ஓடிவந்து பார்த்தால் முதல் பெண் எப்போதும்போல நின்றுகொண்டிருந்தாள். அவளிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லையே. அன்னக்கொடி அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, அவள் காதோடு காதாக, அச்சில் இருந்தபடியே கேட்டாள்.

“வேறு ஏதேனும் கூற விரும்புகிறீர்களா?”

“எனக்குக் கால் வலிக்குது. உக்காரணும்,” என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் உட்கார்ந்தாள். தனுஷ்கோடி வந்து கத்தினான், அவள் எழுந்திருக்கவே இல்லை. இயந்திரக் கோளாறு மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்து அவன் அடுத்தவளிடம் விளக்குமாற்றைக் கொடுத்தான்.

அதிலிருந்து பத்தொன்பது நாள், மத்தியானம் மத்தியானம், அன்னக்கொடி கொஞ்சம் கொஞ்சமாகப் படிவங்களை மடியில் கட்டிக்கொண்டுபோய்ச் சைக்கிள் ஷெட்டில் உட்கார்ந்து எழுதினாள். ஒவ்வொருத்திக்கும் வேறு வேறாக எழுதவேண்டும் என்று அவளுக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. பவுனுத்தாயி சொன்னதை எழுதினாள், மற்ற ஒன்பது பேர் ஜாடைமாடையாகச் சொன்னதை எழுதினாள், அதுவும் தீர்ந்தபிறகு தனக்குள்ளே தோண்டத் தோண்ட வந்துகொண்டே இருந்ததை எழுதினாள். பேனா தீர்ந்தபோது தர்ஷிகா தன் சிவப்புக் கலர்ப் பென்சிலைக் கொடுத்தது. ரெண்டு சுழி ‘ன’வா மூணு சுழி ‘ண’வா என்று தெரியாத இடத்தில் ஏதோ ஒன்றைப் போட்டாள்.

எழுதிவிட்டாள், ஆனால் முந்நூறு காதில் தனித்தனியாகப் போய்க் கேட்க நாள் இல்லை. முப்பதாம் தேதிக்கு இரண்டு நாள் இருக்கும்போது எழில்வேந்தனின் வைவா வந்தது. மிச்சமிருந்த நாட்களில் அன்றைக்கு ஒருநாள்தான் முந்நூறு பேரும் ஒரே கூரைக்குக் கீழே உட்காருவார்கள்.

வைவா என்பது வாய்மொழித் தேர்வு, அங்கே அது ஒரு சடங்கு. வெளியூரிலிருந்து தேர்வாளர் ஒருவர் விமானத்தில் வருவார். மாணவன் படம் காட்டுவான். கைடு புகழ்வார். தேர்வாளர் கைடைப் புகழ்வார். கடைசியில், சபையில் யாருக்கும் கேள்வி உண்டா என்று கேட்பார்கள். யாரும் கேட்க மாட்டார்கள், கேட்டால், கேட்டவனுடைய வைவாவுக்கு நாளைக்கு இவன் போய்க் கேட்பான். அப்புறம் மைசூர்பாகு, மிக்சர், காப்பி.

எல்லாம் அப்படியே நடந்தது. அன்னக்கொடி காப்பித் தட்டோடு பின்கதவில் நின்றாள். ‘துப்புரவுப் பெண்களில் தொண்ணூற்றாறு சதவீதம் பேர் மனநிறைவோடு உள்ளனர்’ என்று திரையில் வந்தபோது, கோட்டுப் போட்ட தேர்வாளர், “ரிமார்க்கபிள்” என்றார். குணாளன் எழுந்து, “சபையில் யாருக்காவது கேள்வி உண்டா?” என்று கேட்டுக்கொண்டே மைசூர்பாகு பக்கம் திரும்பினார்.

அன்னக்கொடி கதவைத் தாண்டி ஓரடி உள்ளே வைத்தாள். தட்டில் காப்பி கப்புகள் ஒன்றோடொன்று கிணுகிணுத்தன. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எல்லாரும் பார்ப்பதுதான் அவளுக்கு உயிர்போகிற விஷயம், அது நடந்துவிட்டது, இனிமேல் நடக்க என்ன இருக்கிறது? அவள் கண்ணை மூடிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் ஒப்பிப்பதுபோல உரக்கக் கேட்டாள்.

“வேறு ஏதேனும் கூற விரும்புகிறீர்களா?”

முந்நூறு நாற்காலியும் ஒரே நேரத்தில் பின்னால் நகர்ந்தன.

“கையுறை கேட்டு மூணு வருசமாச்சு,” என்றாள் ஒருத்தி. “கக்கூசுல தண்ணி ஊத்தத் தெரியாதவனுக்கு எதுக்குடா டாக்டர் பட்டம்?” என்றாள் இன்னொருத்தி. “எம் பேரு கேக்கவே இல்லையே.” “மதியச் சோத்த எங்க உக்காந்து திங்கிறதுன்னு ஒரு எடம் காட்டுங்க.” “ஆஸிட் பட்ட கை, ரேகை வைக்க முடியல, ரேசன்ல அரிசி போட மாட்டேங்கிறான்.” “எனக்குப் பூ வைக்கப் பிடிக்கும், அதையும் எழுதிக்கோ.” கன்னத்தில் ஆரஞ்சுத் தழும்பு இருந்தவள் நேராக மேடையைப் பார்த்து, “எங்கள யாரும் வந்து கேக்கல. சைக்கிள் ஷெட்டுல உக்காந்து ஒரு பொண்ணு எழுதுனா. இந்த சாரு ஏழு வருசமா கேரம்போர்டு ஆடுனாரு,” என்றாள். ஒருத்தி முடிக்க ஒருத்தி, முந்நூறு பேரும் சொல்லி முடிக்கிறவரைக்கும் மைசூர்பாகில் எறும்பு ஏறியது.

இதற்குமேல் ஒரு மனுஷனாக இருந்தால் வெட்கப்பட்டிருப்பான். தேர்வாளரோ கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “வாட் ரிச் டேட்டா!” என்றார். எழில்வேந்தனுக்கு அன்றைக்கே டாக்டர் பட்டம் பரிந்துரை ஆனது, மிகச் சிறப்பு என்ற குறிப்போடு.

ஆனால் அதைக் கேட்க அந்தப் பெண்கள் அங்கே இல்லை. சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்த கையோடு, மூலையில் சாத்தியிருந்த விளக்குமாறுகளை மேடைமேல் குவித்துவிட்டு, வரிசை எல்லாம் குலைந்து, ஒருத்தி தோளில் ஒருத்தி கைபோட்டுக்கொண்டு, எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டு கேட்டைத் தாண்டித் தார்ரோட்டில் போனார்கள். தனுஷ்கோடி பின்னாலேயே ஓடி, “வேலைக்கு வருவீங்கள்ல?” என்று கத்தினான். கடைசியாகப் போனவள், முன்பு வரிசையில் முதலாவதாக நின்ற அதே பெண், திரும்பி, “கால் வலிக்குதுன்னு சொன்னேன்ல?” என்றாள். பீரோவைத் திறந்து பார்த்தால் படிவங்கள் எல்லாம் வெறும் வெள்ளைத்தாளாக இருந்தன.

முப்பதாம் தேதி தனுஷ்கோடி சைக்கிள் ஷெட்டுக்கு வந்து, தலையைச் சொறிந்துகொண்டு, “நாளைக்கு வழக்கம்போல வந்துருங்கக்கா” என்றான். கையுறை வாங்கி வந்து வை, வருகிறோம் என்று பவுனுத்தாயி சொல்லியனுப்பினாள். பதினோரு ஜோடி வந்தது, பதினோரு ஜோடியும் இடதுகைக்கானது. அதுவும் ஒரு பொழுதுக்குச் சிரிக்க ஆனது.

அடுத்த வாரம் அன்னக்கொடி மாப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது குணாளனே எழுந்து வந்தார். கையில் ஒரு கட்டு இருந்தது, போன தடவையைவிடத் தடிமன். பதிமூன்று வருஷத்தில் துப்புரவுக்காரி ஒருத்தியைப் பார்த்து அவர் முதல்முறையாகச் சிரித்தார்.

“ஏம்மா, உன் பேரென்ன... சரி விடு. ஐந்நூறு படிவம் இருக்கு. புது ஸ்காலர். ‘பெண்கள் வாய் திறந்து பேசுவதில் காணும் மகிழ்ச்சி.’ நீதான் நல்லாப் போடுவியாமே. நிரப்பித் தந்துடறியா?”

தர்ஷிகா வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சிவப்புப் பென்சிலைச் சப்பிக்கொண்டு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தது. அன்னக்கொடி மாப்பைச் சுவரில் சாய்த்தாள், ஈரக்கையைச் சேலையில் துடைத்தாள், தலையைத் தூக்கி அவர் முகத்தைப் பார்த்தாள். கிட்டத்தில் அது பேனரில் இருந்ததைவிட ரொம்பச் சின்னதாக இருந்தது.

“முற்றிலும் மறுக்கிறேன், சார்,” என்றாள். “காலத் தூக்குங்க.”